பதினாலு ஊசி

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. தினம் ஒண்ணு. போட்டுக்கறீங்களா?" என்று கேட்டார் டாக்டர் ரமா.

"போடுங்க டாக்டரம்மா" என்றாள் சொர்ணம்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். 'நாய்க்கடி' என்று எழுதியிருந்தது. பிறகு, மேஜைமேல் நீட்டியிருந்த சொர்ணத்தின் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்கு அடியில் உள்ளங்கைச் சதை வீங்கிப் பளபளத்தது. அப்பியிருந்த மஞ்சளின் ஊடே சீழ் கசிந்துகொண்டிருந்தது.

"எங்க கடிச்சது?"

"மர்பி டவுன்ல, எங்க தெருவுலதான். தெரு நாய்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

அன்று புதன். மூன்று நாளாக வெளியே தெரியாமல் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்த கை. காலையில் விரல் மடங்கவில்லை என்றதும், மகள் சுனிதாதான் கார்மென்ட்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். இப்போது அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அன்னம்மா, முதல்ல இந்த மஞ்சளைக் கழுவுங்க" என்றார் டாக்டர்.

நர்ஸ் அன்னம்மாள் கையைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். சொர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டாள். மஞ்சள் கரைந்து போனதும் காயம் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"நாய்க்குக் கோரைப்பல் நீளம்மா. ஆழமா ஓட்டை போட்டுக் கிழிச்சிடும். இது பாருங்க, மேல ஒரு வளைவு, கீழ ஒரு வளைவு. இது மனுஷப் பல்லு."

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவமானம்னு மறைக்கிற விஷயம் இல்ல இது. மனுஷ வாயில இருக்கற கிருமி லேசுப்பட்டதில்ல. கையில கடிபட்டா, சீக்கிரமே உள்ள மூட்டு வரைக்கும் போயிடும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா விரலுக்கே ஆபத்து. தையல் போட மாட்டேன், போட்டா சீழை உள்ள வெச்சு மூடின மாதிரி ஆயிடும். திறந்தே வெச்சு தினம் கழுவிக் கட்டணும். டி.டி. ஊசி ஒண்ணு, அப்புறம் மாத்திரை, அவ்வளவுதான். வயித்துல பதினாலு ஊசி எதுக்கு? சொல்லுங்க, யார் கடிச்சது?"

பதினாலு என்ன, நாற்பது ஊசி என்றாலும் சொர்ணம் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பாள்.

"புருஷனா?"

சொர்ணம் முந்தானை நுனியை இடது கையில் சுருட்டினாள்.

"குடிப்பாரா?"

சொர்ணத்தின் கணவர் சந்திரன் பெயிண்டர். வேலை முடிந்து வந்தால், தானே காபி போட்டு அவளுக்கும் ஒரு டம்ளர் மூடி வைக்கிற மனுஷர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் கை ஓங்கியதில்லை. ஆனாலும் 'இல்லை' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"இப்படித்தான் எல்லாரும் வாயை மூடிக்கறீங்க. நாளைக்கு இந்தப் பொண்ணுக்கும் இதே கதிதான் வரும்" என்று சுனிதாவைக் காட்டினார் டாக்டர். "வீட்டு அட்ரஸ் சொல்லுங்க. ஸ்டேஷன்ல சொல்லி அந்த ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

அவர் கை டெலிபோனுக்குப் போனது. சொர்ணம் பதறிப்போய் எழுந்தாள்.

"அவரில்ல டாக்டரம்மா! சத்தியமா அவரில்ல. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"பின்ன யாரு?"

"நான்தான்" என்றாள் சுனிதா.

அன்னம்மாளின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. டாக்டர் ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெத்த அம்மாவையா?" கோபத்தில் அவருக்குக் கன்னடம் வந்தது. "நாச்சிகெ ஆகல்வா நினகெ? வெக்கமா இல்ல? பார்த்தா படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே!"

சுனிதா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"எங்க ஊர்ல மாடுகூடத் தாயை முட்டாது" என்று முணுமுணுத்தார் அன்னம்மாள். மருந்து வாங்க வந்து வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

சொர்ணத்துக்கு உடம்பு கூசியது. இந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் சுனிதா. தலை வாரிப் பின்னி விட்டவளும் அவள்தான். இந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் மாத்திரையும் எடுத்துக் கொடுப்பாள். கடைசிவரை வாய் திறக்க மாட்டாள். வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டதே.

டாக்டர் மறுபடி காயத்தைப் பார்த்தார். "எவ்வளவு ஆழமா பதிஞ்சிருக்கு! கையை இழுத்துக்கக்கூட விடாமப் பிடிச்சு வெச்சிருந்தாளா உங்களை?"

"அவ பிடிச்சு வெக்கல டாக்டரம்மா" என்றாள் சொர்ணம். "நான்தான் எடுக்கல. ஹால்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உக்காந்திருந்தாங்க... 'எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்'னு கத்த வந்தவ வாயை, அவங்க தாம்பூலம் மாத்திக்கிட்டுப் படியிறங்கிப் போற வரைக்கும், இந்தக் கையாலதான் பொத்தி வெச்சிருந்தேன்."