இணைப்பு: மூன்று

“கையால எழுதியிருப்பீங்க. அதான் திரும்பி வந்திருக்கு” என்றாள் ராத்கா, தட்டச்சுப் பொறியில் தாளைச் சொருகியபடி. “இந்த விராத்சா கோர்ட்டு வாசல்ல பதினெட்டு வருஷமா தட்டுறேன்க்கா. என் கடிதம் ஒண்ணுகூடத் திரும்பினதில்ல.”

“மூணு தடவை வந்துடுச்சும்மா. இதுவும் வந்தா, இன்னொண்ணு அனுப்ப எனக்குத் தெம்பில்ல.” வெலிச்கா மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கடிதத்தை வாங்கப்போறது ஆணா, பெண்ணா?”

“பெண்.”

“மதிப்பிற்குரிய அம்மையீர், இத்துடன் கீழ்க்கண்டவற்றை இணைத்துள்ளேன்... சொல்லுங்க.”

“கணவரோட இறப்புச் சான்றிதழ், ஒண்ணு. இரங்கல் தாள், ஒண்ணு.”

ராத்கா நிமிர்ந்தாள். “சுவத்துல ஒட்டுற தாளா? அதை யாரு கேக்கறா?”

“அதுலதான் அவர் முகம் இருக்கு. நாப்பதாம் நாளுக்கு ஒட்டினது. மழையில ஊறட்டும்னு காத்திருந்து, கிழியாம உரிச்சேன்.”

“செத்தவர் தாளை உரிக்கலாமா? பாவம்க்கா!”

“என் பாவத்துல அது கடுகு. மூணாவது, லிபியாவுல வேலை பார்த்தப்ப அவர் எழுதின கடிதங்கள். முப்பத்தொண்ணு.”

“அடடே! வேலை பார்த்த வருஷத்துக்கு ஆதாரமா? கெட்டிக்காரிதான். பென்ஷனை உசத்தாம எங்க போவாங்க?”

வெலிச்கா அந்தக் கடிதக் கட்டை எத்தனையோ முறை அடுப்பு வரை கொண்டுபோயிருக்கிறாள். கொடுக்க மனமும் வந்ததில்லை, எரிக்கும் துணிவும் வந்ததில்லை.

“தாமதத்துக்கு வருந்துகிறேன்னு ஒரு வரி போடுறியா?”

“எவ்வளவு தாமதம்?”

“இருபது வருஷம்.”

“அது அவங்க சொல்ல வேண்டிய வரிக்கா!” ராத்கா சிரித்துக்கொண்டே தட்டினாள். “இந்தாங்க, கையெழுத்து.”

“வேண்டாம். பேரையும் நீயே தட்டிடு.”

ராத்கா ஒரு கணம் பார்த்துவிட்டுத் தட்டினாள். பிறகு பெரிய உறையைச் சொருகினாள். “எந்த ஆபீஸுக்கு?”

“ஆபீஸ் இல்லம்மா. ருமியானா. என் மக. என் கையெழுத்தைப் பார்த்தாலே பிரிக்காம திருப்பி அனுப்பிடறா.”

வெலிச்கா பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். முப்பத்தொரு உறைகளிலும் தந்தையின் கையெழுத்தில் அதே ருமியானாவின் பெயர், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.