டாக்டர் அடுத்துச் சொன்னது

ஜெசிந்தாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு, "கேன்சர் இல்லம்மா" என்று டாக்டர் சொன்னதுமே, அவள் கணவர் லாசர் செல்போனோடு வராந்தாவுக்கு ஓடிவிட்டார். அடுத்துச் சொன்னதை அவள் ஒருத்திதான் கேட்டாள். "ஆனா இது எல்லாக் கட்டியும் மாதிரி இல்ல. உங்களுதுல சில செல்கள் வழக்கத்துக்கு மாறா வளந்திருக்கு. இது நோய் இல்ல. ஆனா பின்னால கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்களவிடக் கூட. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுங்க. கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களையும் பாத்துக்கச் சொல்லுங்க." வெளியே லாசர், "ஒண்ணுமில்லயாம், சாதாக் கட்டிதானாம்" என்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாத மனுஷர். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் டாக்டர் அடுத்துச் சொன்னதைச் சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆட்டோவில் திரும்பும்போது தங்கை எமல்டா அழைத்தாள். "அத்தான் சொன்னாவக்கா. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டேன்" என்று அழுதாள். ஜெசிந்தா கணவர் பக்கம் பார்க்காமல், டாக்டர் சொன்னது முழுவதையும் தங்கையிடம் சொன்னாள். "நீயும் ஒருக்கா போய்க் காட்டிட்டு வா, எமி." லாசர் அவள் கையை இறுகப் பிடித்தார். மறுமுனையில் அழுகை நின்றுவிட்டது. பிறகு, "அக்கா," என்றாள் எமல்டா, "ஒனக்கு அந்தக் கட்டி தொட்டா வலிச்சுதா, வலிக்கலயா?"