கொண்டியில் கட்டிய துணி

மண் சரிந்தால் எப்படி ஓடுவது என்று தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் ஒத்திகை நடந்தது. கடைசியாக வெளியேறுபவர் கதவுக் கொண்டியில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். உள்ளே யாரும் இல்லை, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

அனர்த்தக் குழுத் தலைவி சுதர்ஷினி, தன் வீட்டையும் சேர்த்துப் பதினொரு வீட்டுக்கும் துணி கொடுத்தாள். பன்னிரண்டாவது வீட்டையும் அதிலிருந்த வெள்ளையம்மா குடும்பத்தையும் போன வைகாசியில் மலை விழுங்கிவிட்டது. எட்டு நாள் தோண்டியும் ஒருவரும் கிடைக்கவில்லை.

ஒத்திகை முடிந்ததும் துணிகளைத் திருப்பி வாங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சைரன் ஊதவில்லை. புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். கொண்டியில் ஒரு வெள்ளைத் துணி, சேறு சொட்டச் சொட்டத் தொங்கியது.

“ஏங்க, பெட்டியத் தொறந்தீங்களா?”

“சாவி ஒன் இடுப்புலதானே கெடக்கு?”

பெட்டியைத் திறந்தாள். பதினொரு துணியும் மடித்தபடியே இருந்தன.

மழையில் இறங்கி லயத்தைப் பார்த்தாள். பதினொரு கதவிலும் சேற்றுத் துணி தொங்கியது. பதினொரு வீட்டுக்குள்ளும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.