காகிதம் சொன்ன பிறந்த நாள்

அங்கம்மா பாயாசச் சட்டியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கவிழ்த்தாள்.

“மகன் சந்தோசம் பொறுக்கலையா அத்தை? நேத்து வந்த பிரஜாவுரிமைக் காகிதத்தப் பாத்துத்தானே அவரு பொறந்த நாள் இன்னைக்குன்னே நமக்குத் தெரிஞ்சுச்சு!” மருமகள் பூவாயி கத்தினாள்.

“பொறப்புப் பத்திரம் நீதானம்மா குடுத்த?” வேலு சீறினான்.

“குடுத்தேன்டா. அது உனக்கு முன்னால பொறந்தவனோடது. ஆறு மாசத்துல செத்தான். அவன் பேரையே உனக்கு வச்சேன். உன் பொறப்ப ஆபீசுல எழுதவே இல்ல. பத்திரம் இல்லாட்டி உன்ன இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்கன்னு அதக் குடுத்தேன். செத்த புள்ளைக்குப் பாயாசமாடா?”

“அப்ப நான் எப்ப பொறந்தேன்?”

“தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுற மாசம். தேதி யாருக்குத் தெரியும்?”

வேலு காகிதத்தைக் கிழிக்கப் போனான். அங்கம்மா பிடுங்கிக்கொண்டாள்.

“பத்திரமா வையிடா! செத்தவனுக்குத்தான் இந்த நாடு எடம் குடுத்திருக்கு.”