ஜெயில் சோறு

முதலில் வம்புக்கு வந்தவள் போங்சுன்தான். யார் கேட்டாலும் மன்சொக் அப்படித்தான் சொல்வார்.

ஊர் முதியோர் கூடத்தில் மதியச் சாப்பாடு. எல்லார் கிண்ணத்திலும் ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு. சமைக்கிற போங்சுன், மன்சொக் முன்னால் வைத்த கிண்ணத்தில் மட்டும் பார்லியும் கறுப்புப் பயறும்.

பக்கத்தில் இருந்த கில்யோங் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, எப்ப உள்ள போனீங்க? சொல்லவே இல்லையே?"

கூடமே சிரித்தது. ஜெயிலில் போடுவது பயறுச் சோறு என்று கொரியாவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அவர்கள் சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். போங்சுனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காதவன் நான். எனக்கா இந்தச் சோறு?"

"சாப்பிடுங்கண்ணே, ஆறிடும்" என்றாள் போங்சுன்.

எழுந்து போயிருக்கலாம். போனால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அவளை முறைத்துக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்றார். மறுநாளும் அதே சோறு, அதே முறைப்பு. நாள் தவறாமல் அப்படியே போயிற்று.

அவருக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சர்க்கரை.

"அடுத்த தடவையும் குறையலைன்னா மூட்டையைக் கட்டுங்கப்பா. உங்களை அங்க தனியா விடமாட்டேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். மகள் வீடு இஞ்சொன் நகரத்தில், பத்தொன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். பேச ஒரு ஆள் கிடையாது, சண்டை போடக்கூட ஆள் கிடையாது.

டிவிதான் வழி காட்டியது. ஒரு சேனலில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர், எங்கோ காட்டில் விளையும் ஊதாப் பழம் சர்க்கரையை விரட்டும் என்றார். அடுத்த சேனலைத் தட்டினால், அதே நேரத்தில் அதே பழத்தின் பொடியை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா கில்யோங், தெய்வமே கொண்டாந்து காட்டுது."

கில்யோங்குக்கும் சர்க்கரைதான். ஒரே டப்பாவை வாங்கி, தினம் காலையில் மன்சொக் வீட்டில் ஆளுக்கொரு கரண்டி கரைத்துக் குடித்தார்கள்.

இலையுதிர் காலத்தில் சுகாதார நிலையத்து நர்ஸ் யூரிம் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்கு வந்து இரண்டு பேருக்கும் பரிசோதனை செய்தாள்.

"ஐயா, மூணு மாசச் சராசரியே நல்லாக் குறைஞ்சிருக்கு. நீங்க இங்கயே இருக்கலாம். உங்க பொண்ணுகிட்ட நானே பேசுறேன். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

மன்சொக் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "கேட்டுச்சா போங்சுன்? எல்லாம் ஊதாப் பொடி. உன் ஜெயில் சோறு ஒண்ணும் என்னைச் சாய்க்கல."

நர்ஸ் அடுத்த பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "கில்யோங் ஐயா, உங்களுக்கு ஏறியிருக்கே."

"எப்படிம்மா ஏறும்? அதே டப்பா, அதே கரண்டி. மாத்திரைகூட அதேதான்."

"அப்ப வேற எதுல வித்தியாசம்?"

கில்யோங் தன் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு மன்சொக்கின் கிண்ணத்தைப் பார்த்தார்.

மன்சொக்குக்கு அந்த இரண்டு சேனலும் ஞாபகம் வந்தது. தெய்வம் எங்கே காட்டியது, இரண்டு சேனல் பயல்களும் முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள்.

எழுந்து சமையலறைக்குள் போனார். ஊருக்கெல்லாம் பெரிய குக்கர். மூலையில் ஒரு சின்னப் பானை, ஒரே ஆளுக்கு. பக்கத்தில் நாளைக்கென்று பயறு ஊறிக்கொண்டிருந்தது. அரசாங்கம் கூடத்துக்குக் கொடுப்பது வெள்ளை அரிசி மட்டும்தான். இந்தப் பயறு போங்சுனின் வீட்டுக் கொல்லையில் விளைந்தது.

"எனக்கு மட்டும் ஏன்?"

அவள் கீரையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "ஊரை விட்டு வரமாட்டேன்னு பஸ்ல உங்க பொண்ணுகிட்ட போன்ல கெஞ்சினீங்களே. பின்சீட்ல நான் இருந்தேன்."

"அதுக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான். கோவிச்சுக்குவாரேன்னு பயந்து பயந்து வெள்ளைச் சோறே போட்டேன். முதல்ல அவருக்குக் கண்ணு போச்சு, அப்புறம் ஆளும் போயிட்டாரு. நீங்க கோவிச்சா எனக்கென்ன?"

மன்சொக் சின்னப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"சொல்லிட்டுப் போட்டிருக்கலாமே."

"சொன்னா டிவி சொல்லணும், நான் சொல்லிக் கேப்பீங்களா? ஆனா வீம்புன்னு வந்துட்டா நீங்க ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டீங்க. அது ஊருக்கே தெரியும். அதான் அன்னைக்குக் கூடச் சேர்ந்து சிரிச்சேன்."

கூடத்திலிருந்து கில்யோங்கின் குரல் வந்தது. "போங்சுன், நாளைலேருந்து என்னையும் ஜெயில்ல போட்டுடு."

மறுநாள் மன்சொக் முறைக்கவில்லை. மெதுவாக மென்று சாப்பிட்டார். பயறு இவ்வளவு இனிக்கும் என்று இத்தனை நாள் தெரியவில்லை. காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, பெரியவர்களிடம் நீட்டுகிற மாதிரி அவளிடம் நீட்டினார்.

சிரித்ததற்கு அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது பாக்கிதான். கேட்கிற வரைக்கும் அவர் இந்த ஊரை விட்டு நகர்வதாக இல்லை.