ஒரு மயிரிழை ஆட்டம்

காயலான் கடையிலிருந்து வந்த திருகுக் கம்பிக்கு ஒரே வைராக்கியம்தான். திரும்பவும் அந்தக் குவியலுக்குப் போகக் கூடாது. பழைய லேத்தில் உழைத்துத் தேய்ந்த உடம்பு அது. கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைச் செதுக்கும் மெஷின் ஒன்றை அமலோற்பவம் வீட்டிலேயே கட்டி, அதன் மேசையை முன்னும் பின்னும் நகர்த்தும் வேலையைக் கம்பிக்குக் கொடுத்திருந்தாள். கம்பியைச் சுற்ற, மூடிப்போன பிஸ்கட் கம்பெனியின் மோட்டார்.

முதலில் வெட்டிய வட்டம் நசுங்கி வந்தது.

"எங்க கம்பெனியில சொன்ன அளவுதான் சுத்துவோம். என் மேல தப்பில்ல," என்றது மோட்டார்.

"தப்பு என்னோடதுதான் அண்ணே. தேஞ்சதுல, மேசையைப் பிடிச்சிருக்கிற நட்டுக்குள்ள ஆட்டம் வந்துடுச்சு. திசை மாறும்போது ஒரு மயிரிழை சும்மா சுத்துறேன். அதையும் சேர்த்து நீங்க சுத்துனா சரியாயிடும்."

"உன் தேய்மானத்துக்கு நான் ஏன் சுத்தணும்?"

அடுத்த வட்டமும் நசுங்கியது. "இன்னொரு தடவை பார்ப்போம். வரலேன்னா எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம்," என்றாள் அமலோற்பவம்.

கம்பி விடவில்லை. "அந்தக் குவியல்ல யார் மேல தப்புன்னு யாரும் கேக்க மாட்டாங்க அண்ணே."

மூன்றாவது வட்டம் தொடங்கியது. திசை மாறிய இடத்தில், மோட்டார் அந்த மயிரிழை கூடுதலாகச் சுற்றுவதைக் கம்பி தன் உடம்பிலேயே உணர்ந்தது. வட்டம் வட்டமாக வந்தது.

மறுவாரம் மெஷினில் இன்னொரு மோட்டாரும் சேர்ந்தது. வந்ததுமே, "சொன்ன அளவுக்கு மேல நான் சுத்த மாட்டேன்," என்றது.

"அதெல்லாம் உன் பழைய இடத்துல," என்றது பிஸ்கட் மோட்டார். "எங்க கம்பெனியில மயிரிழை சேர்த்துத்தான் சுத்துவோம்."