திமிங்கிலத்துக்கு வேறு இடம்

கயிற்றில் கட்டிய சிவப்பு பலூன் ஏறிக்கொண்டே போனது. திமிங்கிலத்தின் தலையைத் தாண்டி, ஓக் மரங்களைத் தாண்டி, அண்ணாந்தவர்களுக்குக் கழுத்து வலிக்கும் உயரத்தில் போய் நின்றது.

"இருநூறு அடிக்குக் குறையாது," என்றான் ட்ரெவர். அவன் முகத்தில் பிள்ளை பிறந்த பூரிப்பு.

வெர்னா பலூனைப் பார்க்கவில்லை.

உயரமாக எதையாவது கட்டுவதற்கு முன்னால், ஏரிக்கரை வீடுகளிலிருந்து அது எவ்வளவு தெரியும் என்று பார்க்கப் பூங்காக்காரர்கள் இப்படிப் பலூன் விடுவார்கள். ஹெரான் ஏரிக் கேளிக்கைப் பூங்காவின் ரசிகர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. பலூன் எந்த இடத்தில் ஏறுகிறதோ அங்கே ரோலர் கோஸ்டர் வரும். அங்கே ஏற்கெனவே இருப்பது போகும்.

பலூன் ஏறியது திமிங்கிலக் குகையின் மேல்.

அது பழைய படகுச் சவாரி. வாயைப் பிளந்த சுண்ணாம்புத் திமிங்கிலத்துக்குள் படகுகள் ஊர்ந்து போகும். இருட்டில் பூஞ்சை வாடை அடிக்கும். ஒரு கை உடைந்த கடற்கொள்ளைக்காரன் சிரிப்பான். வால் வழியாக வெளியே வந்துவிடலாம். ரசிகர்களில் பாதிப் பேர் இதை எப்போது இடிப்பார்கள் என்று காத்திருந்தார்கள். மீதிப் பேர் இடிக்க வரும் வண்டிக்கு முன்னால் படுக்கவும் தயார்.

படுக்கத் தயாரானவர்களுக்கு வெர்னா தலைவி. மஞ்சள் சட்டை அடித்துக் கொடுத்தவள், கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியவள், எல்லாம் அவள்தான்.

"தலைவி, உள்ள இருக்கற ஆக்டோபஸுக்கு மூணு காலுதான் மிச்சம். அதையாவது நிம்மதியா போக விடுங்களேன்," என்றான் ட்ரெவர்.

"உனக்கென்னடா தெரியும்? தலைகீழா தொங்கவிட்டு உலுக்கினாதான் உனக்குச் சவாரி," என்றார் மஞ்சள் சட்டைக் கிழவர் ஹார்லன்.

"நானாவது ஏறித் தொங்கறேன். உங்க தலைவி இந்தப் படகுல ஏறி யாராவது பாத்திருக்கீங்களா? எப்ப வந்தாலும் வாசல்லயே நிக்கறாங்க."

இரண்டு கட்சியும் சிரித்தது. வெர்னாவும் சிரித்துவைத்தாள்.

பூங்கா மேலாளர் ப்ரூயிட் சின்ன வண்டியில் வந்து இறங்கி, ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தாள். கூட்டம் அடங்கியது. வெர்னாவின் கை திமிங்கிலத்தின் தாடைக்குக் கீழே இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

கோடை முடிந்ததும் குகை மூடப்படும் என்றாள் ப்ரூயிட். ட்ரெவர் பக்கம் கை தட்டியது. மஞ்சள் சட்டைகளில் ஒரு பெண் அழுதாள்.

"ஆனா நீங்க சொன்னது எங்க காதுல விழாம இல்ல. திமிங்கிலத்த உடைக்கப் போறதில்ல. தலைய அப்படியே பெயர்த்தெடுத்து, பெயின்ட் அடிச்சு, ஏரிப் பக்கத்து வாசல்ல வெக்கப் போறோம்."

மஞ்சள் சட்டைகள் கூச்சலிட்டன. ஞாபகத்துக்காகக் குகைத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து வைத்திருந்த ஒருத்தி, மூடியைத் திருகி அதை வெர்னாவின் தலையில் கவிழ்த்தாள். ஹார்லன் அவளைக் கட்டிக்கொண்டார். ட்ரெவர்கூட வந்து கை கொடுத்தான்.

"ஜெயிச்சிட்டீங்க தலைவி."

வெர்னா நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் ப்ரூயிட்டிடம் போனாள்.

"அத இங்கயே வெக்க முடியாதா? இதே இடத்துல?"

"இங்கதான் தூண் எல்லாம் வருது, வெர்னா. சுத்தி வேலி போட்டுடுவோம். ஆள் நிக்கவே முடியாது."

"ஓரமா, கொஞ்சம் தள்ளியாவது?"

"குடுக்கறத வாங்கிக்கோ வெர்னா," என்று ஹார்லன் அவள் தோளைத் தட்டினார். "ஏரிப் பக்கம் நிழலாவது இருக்கும். அங்க போய் நின்னுக்கோ."

எல்லோரும் படகுக்கு வரிசை கட்டப் போனார்கள். ட்ரெவரும் போனான்.

வெர்னா திரும்பி வந்து பழையபடி தாடைக்குக் கீழே நின்றாள்.

மகன் நோலன் ஐந்து வயதில் இந்தப் பூங்காக் கூட்டத்தில் தொலைந்து போனான். பாப்கார்ன் வண்டிக்குப் பின்னால் கிடைத்தவனை இங்கே இழுத்து வந்து, மண்டியிட்டு, தோள்கள் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். இனிமேல் அம்மாவைக் காணோம் என்றால் தேடி அலையாதே. எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொன்னாள். எவ்வளவு நேரமானாலும் அங்கே நான் வருவேன் என்றாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினான்.

பத்தொன்பது வயதில், சமையலறையில் தொடங்கிய ஒரு சண்டையின் முடிவில், அவன் வீட்டைவிட்டுப் போனான். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். அதற்கடுத்த கோடையிலிருந்து அவள் இங்கே வருகிறாள்.

அன்றைக்குச் சொன்ன எல்லாமே நினைவிருக்கிறது. அவன் சட்டையின் நிறம், கையில் பிசுபிசுத்த சர்க்கரை, தன் குரல் நடுங்கியது.

இந்த இடத்துக்கு வா என்று சொன்னாளா, திமிங்கிலத்திடம் வா என்று சொன்னாளா என்பது மட்டும் நினைவில்லை.